பாண்டித்துரை சொன்ன வார்த்தை

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் குடோனின் மாடியில்தான் அந்தச் சபை கூடியது. 2007-ல் ஈஸ்டர் முடிந்த கையோடு, பாஸ்டர் ரத்தினசாமி வெள்ளிக்கிழமைதோறும் ஆவிக்குரிய வரங்களைப் பற்றிச் சொல்லித்தர ஆரம்பித்தார். வரம் இல்லாத விசுவாசி யாருமில்லை, அவரவர் வரம் எதுவென்று ஜெபித்துக் கண்டுபிடியுங்கள் என்றார். ஒருத்திக்குப் பாட்டு வந்தது. ஒருவர் அந்நியபாஷை பேசினார். பாண்டித்துரைக்கு மட்டும் எதுவும் பிடிபடவில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் அவன். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். மனைவி நதியாவுக்கு அதே கம்பெனியில், தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷமாகியும் சபையில் பாய் விரிப்பதையும் சுருட்டுவதையும் தவிர அவனுக்கு வேலை இருந்ததில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை, சீனியம்மாள் என்ற விதவை தன் மகனுக்காக ஜெபிக்கச் சொல்லி அழுதாள். கோபித்துக்கொண்டு போனவன், எட்டு மாதமாகத் தகவல் இல்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கையில் பாண்டித்துரையின் நெஞ்சில் ஏதோ அழுத்துவது போலிருந்தது. யோசிக்காமல், "அவன் வந்துருவான்" என்று சொல்லிவிட்டான். அடுத்த புதன்கிழமை சூரத்திலிருந்து அந்தப் பையன் வந்து இறங்கினான்.

தீர்க்கதரிசன வரம் என்று சபையே சொன்னது. அவனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, "வரம் இருக்கலாமுங்க. ஆனா அதைப் பழக்கோணும். ஒருத்தருக்குச் சொல்றதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார். பாண்டித்துரை தலையாட்டினான். அதன் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஆட்கள் வந்தார்கள். கம்பெனியில் டீ நேரத்தில்கூட வந்தார்கள். வேலை கிடைக்குமா, குழந்தை உண்டாகுமா என்று கேட்டார்கள். சில நாள் மனசில் ஏதோ தோன்றியது, பல நாள் தோன்றவில்லை. வந்தவர்களை வெறுமனே அனுப்ப முடியாமல் முதலில் பொதுவாக ஆறுதல் சொன்னான். பிறகு அவர்கள் எதைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகிக்கொண்டான். அதிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவான். ஜெபிக்க முழங்கால் போட்டால், தான் கேட்பது கர்த்தரையா தன் நினைப்பையா என்று விளங்காமல் எழுந்துவிடுவான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சபைக்கு வேல்விழி வந்தாள். அவனுடைய லைனிலேயே தைப்பவள், நாற்பது வயது. மார்பில் கட்டி இருக்கிறதென்றும், கோயமுத்தூர் போய் ஊசி வைத்து டெஸ்ட் எடுக்கும்படி டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றும், பயமாக இருக்கிறதென்றும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சபை முழுக்க அவனைப் பார்த்தது. அவன் கண்ணை மூடினான். ஒன்றுமே தோன்றவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம், "கர்த்தர் தொட்டுட்டாரு. ஒன்னும் இருக்காதுக்கா" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். வேல்விழி டாக்டர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் டெஸ்டுக்குப் போகவில்லை. தினமும் நாலு மெஷின் தள்ளி உட்கார்ந்து தைத்தாள். அவள் தோளை உயர்த்தும்போதெல்லாம் அவன் பார்த்தான். அவன் தைத்த பீஸ்கள் தையல் விட்டுத் திரும்பி வந்தன. திருப்பி அனுப்பியவள் நதியாதான். செப்டம்பர் கடைசியில், ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்:

"வேல்விழியக்காவுக்குச் சொன்னீங்களே, அன்னைக்கு நெசமாவே ஏதாவது கேட்டுச்சா?"

அவன் தூக்குவாளியை மூடினான்.

"இல்லை."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான்."

நதியா திட்டவில்லை. இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

சாயங்காலம் முதலில் பாஸ்டரிடம் போனான். நடந்ததைச் சொன்னான். அவனைத் தடுக்காமல் விட்டது தன் தப்பும்தான் என்றார் அவர். இதைச் சொன்னால் சீனியம்மாளுக்குச் சொன்னதையும் ஜனங்கள் நம்பமாட்டார்களே என்று பாண்டித்துரை கேட்டான். "நம்பாட்டிப் போறாங்க. அது நெசமா இருந்தா அதுக்கு ஒன்னும் ஆகாதுங்க" என்றார்.

அங்கிருந்து அவன் போனபோது வேல்விழி வீட்டு வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். கர்த்தர் தன்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆட்கள் பார்த்ததால் தானாகச் சொன்னது அது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றான். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"பெருசாகுதுன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றாள். "சந்தேகப்பட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிருமேன்னு வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லலை."

அவன் குனிந்து குழாயை மூடினான். போ என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

டெஸ்டில் புற்றுநோய் என்று வந்தது. முன்னாலேயே வந்திருக்கலாம், இருந்தாலும் கைமீறிப் போய்விடவில்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரை சபைக்கு முன்னால் எழுந்து நடந்ததைச் சொன்னான். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் இவன் ஆவியானவரைத் துக்கப்படுத்துகிறான் என்று பாதியில் எழுந்து போனார். சீனியம்மாள் மட்டும் வந்து, என் மகன் வந்தது வந்ததுதானே என்றாள். அவளுக்குச் சொன்ன வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவனுக்கு இன்னமும் தெரியாது. அன்று நெஞ்சில் அழுத்தியது பொய்யில்லை என்பது மட்டும் தெரியும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேல்விழிக்குக் கோயமுத்தூரில் மருந்து ஏற்றினார்கள். அவள் புருஷனுக்கு ஷிப்மென்ட் நேரத்தில் லீவு கிடைக்காத நாட்களில் நதியாவும் பாண்டித்துரையும் கூடப் போனார்கள். பஸ்ஸில் வேல்விழி நதியாவோடு உட்காருவாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவனும் மன்னிப்புக் கேட்டு நச்சரிக்கவில்லை. பிளாஸ்க், பைல் எல்லாம் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பான்.

நான்காவது தடவை நதியாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரே சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. தலையில் சுற்றியிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்திருந்த வேல்விழி, அவினாசி நெருங்குகையில் திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப என் விஷயமா உனக்கு ஏதாவது தோணுதா?"

தோன்றினால் நன்றாக இருக்கும் என்று அவன் உடம்பெல்லாம் தவித்தது. நல்லதாக ஒன்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டான்.

"ஒன்னும் தோணலைக்கா."

பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"சரி. அப்ப சும்மா ஜெபம் பண்ணு" என்றாள்.

அவன் பைலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். திருப்பூர் வரும்வரை அவனுக்குள் எந்தப் பதிலும் வரவில்லை. அவன் நிறுத்தவுமில்லை.