கலீல் மாற்றிய என்ஜின்

என் கணவர் கலீல் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சாலையோரத்தில், காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது விழுந்து இறந்தார். அதனால் குடும்பமே பழியைக் கார் மேல் போட்டது.

"அந்த வெயில்ல, கொதிக்கிற என்ஜின்கிட்ட நின்னு நின்னுதான் அண்ணன் போயிட்டாங்க மதினி," என்றார் அவர் தம்பி நஸ்ருல்லா. "காருக்கு வேன் என்ஜினப் போட்டா வேற என்ன ஆகும்?"

என்ஜினை மாற்றியது கலீல்தான். குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். மெக்கானிக் கிளமென்ட்டோடு சேர்ந்து, தன் அத்தாவின் பழைய காருக்கு டீசல் என்ஜின் பொருத்தினார். அந்த வேலை ஓட்டை வேலை, அதுதான் அவரைக் கொன்றது என்று பேராகிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வாசல் தாண்டவில்லை. அதற்குள் நஸ்ருல்லா பழைய இரும்பு வியாபாரியிடம் பேசி வைத்துவிட்டார். இத்தா முடிந்த மறுநாளே கிளமென்ட்டைப் பாலக்கரை வீட்டுக்கு வரச் சொன்னேன். புது பேட்டரியோடு வந்தார்.

நஸ்ருல்லா சாவியைத் திருகினார். டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. "பார்த்தீங்களா? அன்னிக்கும் இப்படித்தான் அணையவே இல்ல. அதான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன். என்ஜின் வெந்துபோச்சு."

"மாசக்கணக்கா நிக்கிற வண்டிங்க. தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு. ஆறின டீய வச்சுக்கிட்டுக் கொதிக்குதுங்கிறீங்களே," என்றார் கிளமென்ட்.

பிறகு எனக்கு விளக்கினார். பழைய மீட்டரும் புது என்ஜினின் சென்சாரும் ஒத்துப்போகாததால் சூடு காட்டும் முள் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யவில்லை. விளக்கு மட்டும்தான் எச்சரிக்கை. என்ஜின் சூடேறினால் சென்சார் விளக்கிலிருந்து வரும் ஒயரைக் காரின் இரும்பு உடம்போடு சேர்க்கும், விளக்கு எரியும்.

சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினார். விளக்கு அணையவில்லை.

"அப்ப சென்சார் மேல குத்தமில்ல. ஒயர் எங்கியோ பாடியில உரசுது." டார்ச்சோடு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார். 

"அக்கா, இங்க ஒரு சுவிட்ச் இருக்கு."

கிளிக் என்றது. விளக்கு அணைந்தது. மறுபடி கிளிக். எரிந்தது.

"நீங்க போட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. கலீல் பாய் போட்டது. டேப் சுத்தியிருக்கிறதப் பார்த்தாலே தெரியுது." எழுந்து கையைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பல்ப் எரியுதான்னு பார்க்கப் போட்டிருப்பார்."

 சத்திரம் பேருந்து நிலையத்துக்கு முன்னால், லால்குடி ரோட்டில், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் வழியில் என்று எத்தனை இடங்களில் அந்த விளக்கு எரிந்திருக்கிறது! "சூடாயிருச்சு ரஷீதா. நீ இறங்காத, வெயில்," என்பார். இறங்கி பானெட்டைத் தூக்குவார். தூக்கிய பானெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளும் ஆவி வந்ததில்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் காலியாகத் திரும்பி வரும். "ஒட்டகம்கூட இவ்வளவு தண்ணி கேக்காது அத்தா," என்று பின்சீட்டிலிருந்து எங்கள் மகள் அஃப்ஷீன் கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன்.

அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடியும் நெஞ்சுவலி வந்திருக்கணுமே, சொல்லலையா?" ஒரு நாளும் இல்லை என்று கோபமாகச் சொன்னேன். என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற கோபம்.

வலி வரும்போதெல்லாம் அவர் அந்த சுவிட்சை அழுத்தியிருக்கிறார். கடைசி நாள் அழுத்தியதைத் திரும்ப அணைக்க அவர் வரவில்லை.

"அப்ப அண்ணன்..." என்று ஆரம்பித்த நஸ்ருல்லா கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அந்த டேப் எவ்வளவு நாளா இருக்கும் கிளமென்ட்?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பசை இளகி ஒயரோட ஒட்டிப்போயிருக்குங்க. ரெண்டு வருஷ வெயிலாவது பார்த்திருக்கும்."

இரண்டு வருஷம். ஒரே கட்டில், ஒரே தட்டு.

"என்ஜின ஓடவிட்டுப் பார்த்துடுவோம்," என்று சொன்னது நான்தான். கிளமென்ட் சென்சார் ஒயரை மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, என்ஜினை முடுக்கினார். நான் முன்சீட்டில் என் இடத்தில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினில் குறை இல்லை என்று நிரூபிக்கத்தான் கிளமென்ட்டை வரவழைத்திருந்தேன். இப்போது, யா அல்லாஹ், ஒரு தடவை இது கொதிக்கட்டும், கலீல் சொன்னது ஒரு தடவையாவது உண்மையாக இருக்கட்டும் என்று துஆ கேட்டேன்.

வெயில் ஏறியது. என்ஜினைக் குளிரவைக்கும் ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. விளக்கு எரியவில்லை.

கிளமென்ட் குனிந்து சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினார். "பாய் வேலை சுத்தம்க்கா," என்றார்.