நாலாவது வரி

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குங்க மேடம். எல்லாருக்கும் திறக்குது" என்றது ஸ்பீக்கரில் போட்டிருந்த லேண்ட்லைன். ஆஸ்பத்திரி உதவி மையத்துப் பையனுக்கு நல்ல ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"எல்லாருக்கும் திறந்து எனக்கு மட்டும் திறக்கலன்னா, நான் என்ன பாவம் சார் பண்ணேன்?" என்றாள் சின்னவள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவள் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்து சிரித்தாள். மணி நாலு. ஐந்து மணிக்குள் தங்கை அந்த ஆஸ்பத்திரியின் சைட்டில் நுழைந்து, சான்றிதழ்களை ஏற்றி, வேலையை ஒப்புக்கொள்கிறேன் என்று பதிய வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போகிற தூரத்து ஊர். முப்பத்தாறு வயதில், மூன்றாவது முறையாகப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள்.

சைட் நாலு நாளாக இப்படித்தான். தங்கையும் மறுநாளே லீவு போட்டு வீட்டிலேயே அதோடு போராடுகிறாள். மேலே நீலப் பட்டையில் ஆஸ்பத்திரியின் பெயர் வரும். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் பார்த்தாலும் அதே கதை.

"பிரவுசர்ல பழசையெல்லாம் அழிச்சிட்டு மறுபடி போடுங்க மேடம்."

அழித்தாள். போட்டாள். நீலப் பட்டையும் காணாமல் போனது.

"சார், இருந்ததும் போச்சு!"

"அது உங்க கம்ப்யூட்டர் எடுத்து வச்சிருந்த பழைய நகல் மேடம். இப்பதான் உண்மை நிலவரம் தெரியுது."

உண்மை நிலவரம் பெரியவளுக்கு வியாழக்கிழமையிலிருந்தே தெரியும். தங்கை வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அந்த ஆஸ்பத்திரியின் முகவரியைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தது அவள்தான். சேர்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுப்பை அணைப்பதுபோல அணைத்துவிட்டு, பாடப்புத்தகப் பிழை திருத்தும் தன் வேலையைத் தொடர்ந்தாள். கணக்கு சுலபமாக இருந்தது. நாலு நாள். தேதி தாண்டிவிடும். பழி சைட்டின் மேல் போகும். தங்கை ஒரு வாரம் புலம்புவாள், பிறகு பழைய வேலைக்கே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவாள். யாருக்கும் எதுவும் உடையாது. இவள் தினமும் உதவி மையத்துக்குப் போன் போட்டு உயிரை வாங்குவாள் என்பதுதான் அந்தக் கணக்கில் இல்லை.

"வேற பிரவுசர்?"

"பாத்தாச்சு."

"ரவுட்டரை அணைச்சுப் போட்டீங்களா?"

"அக்கா அஞ்சு தடவ போட்டா."

ஐந்து தடவை போட்டது உண்மைதான். போட்டால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் போட்டாள்.

"சரி மேடம், போன்ல வைஃபையை அணைச்சிட்டு சிம் நெட்ல பாருங்க."

"வீட்டுக்குள்ள சிம் நெட் வராது சார். தெருமுனைக்குப் போனாத்தான் ஒரு கோடு வரும். லைன்லயே இருங்க, ஓடிட்டு வந்துடறேன். அக்கா, சார்கிட்ட பேசிட்டு இரு, வச்சிடப் போறார்!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அறையில் பெரியவளும் மூக்கு உறிஞ்சும் சத்தமும் மிஞ்சின.

"தங்கச்சியா மேடம்?"

"ஆமாப்பா."

"தினமும் கூப்பிடறாங்க. ஒரு நாள்கூடக் கோவமாப் பேசல. மத்தவங்க எல்லாம் எங்க பரம்பரையையே இழுப்பாங்க."

"தேதிய நீட்டிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க மேடம். அஞ்சு மணிக்கு மூடிடும். அடுத்த ஆளுக்குப் போயிடும்."

மவுஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரவுட்டரின் பக்கம், பாஸ்வேர்டு, பட்டியல், அழி. தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிடலாம். தங்கை வந்து பார்ப்பாள், சைட் தானாகவே சரியாகிவிட்டது என்று துள்ளுவாள், அக்காவைக் கட்டிக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. பெரியவள் கையை மவுஸ் மேல் வைத்தாள். அது சில்லென்று இருந்தது. அம்மா போனபோது தங்கைக்குப் பதினாலு வயது. அதன் பிறகு இந்த வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாகத்தான் இருந்தன. இரண்டு டம்ளர், இரண்டு தலையணை, கொடியில் இரண்டு துண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி எண்ணெய் வைப்பது. தன் உச்சந்தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொள்ளும் ஒரு சனிக்கிழமையை அவள் நினைத்துப் பார்த்தாள். கை மவுஸ் மேலேயே இருந்தது. நகரவில்லை.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

வாசலில் வெறுங்கால் சத்தம். "திறக்குது சார்! தெருமுனையில அப்படியே படபடன்னு திறக்குது! ஆனா சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டர்ல கிடக்கே, அதைத் தூக்கிட்டா தெருவுக்கு ஓட முடியும்?"

"அப்படின்னா பிரச்சினை உங்க வீட்டுக்குள்ளதான் மேடம். ரவுட்டர்ல எதையாவது பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களா?"

"ஐயோ, ஆமா சார்!" சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைக்குப் படிக்கும்போது படம் பாக்கற சைட் மூணையும் அக்காகிட்ட சொல்லித் தடுக்க வச்சேன். நான் கெஞ்சினாக்கூடத் திறக்காதேன்னேன். பாஸ்வேர்டுகூட எனக்குச் சொல்லல சார், அவ்வளவு கண்டிப்பு. அதுதான் எதையோ பிடிச்சு இழுக்குதோ? அக்கா, அந்த லிஸ்ட்டைத் திற."

பெரியவள் உட்கார்ந்திருந்தது மேசைக்கும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். வெளிப்பக்க நாற்காலியில் தங்கை வந்து உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவள் எழுந்து போக வழியில்லை. தங்கை உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தண்ணி தாகமா இருக்குடி."

"இதோ முடிஞ்சிடும், திற."

பாஸ்வேர்டு போட்டாள். தங்கையின் பிறந்த நாள்தான் பாஸ்வேர்டு.

"லிஸ்ட்ல எத்தனை வரி இருக்கு மேடம்?" என்றது போன்.

"மூணு..." என்று ஆரம்பித்த சின்னவளின் குரல் நின்றது. மூன்று வரிகளுக்குக் கீழே நாலாவது வரி இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர். பக்கத்தில் வியாழக்கிழமைத் தேதி.

"மேடம்? எத்தனை வரி?"

தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள்.

"கண்டுபிடிச்சிட்டோம் சார்" என்றாள் சின்னவள். "உங்க மேல தப்பு இல்ல. நாலு நாளா உங்களப் படுத்திட்டேன். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிங்க." போனை வைத்தாள்.

"ஏண்டி, நான்..."

"அழி."

"நான் சொல்றதக் கேளேன்..."

"மணி நாலு இருவது. அழிக்கா."

அழித்தாள். பக்கம் மேலிருந்து கீழே தடையில்லாமல் இறங்கியது. நீலப் பட்டை, கட்டடம், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள், நீளமான படிவம். சின்னவள் அக்காவை எழச் சொல்லவில்லை. அவள் மடிக்குக் குறுக்கே சாய்ந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அடித்தாள். பிறந்த தேதி, படிப்பு, பத்து வருஷ அனுபவம். சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. அவள் கூந்தலிலிருந்து ஒரு முடி பெரியவளின் கன்னத்தில் உரசியது. தள்ளிவிடத் துணிவில்லை.

"என்னைத் திட்டவாவது திட்டுடி."

சின்னவள் படிவத்தை இன்னும் கீழே இறக்கினாள். கடைசிக்கு முந்தைய கட்டம்: அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.

"உன் நம்பர் சொல்லு" என்றாள் சின்னவள், திரையைப் பார்த்துக்கொண்டே.

தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாளே, என் நம்பர் இவளுக்கா தெரியாது என்று பெரியவள் நினைத்தாள். ஆனாலும் முன்பின் தெரியாத யாருக்கோ சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தங்கை ஒவ்வொன்றாக அடித்தாள்.

அடுத்த கட்டம், உறவு. அதைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது. தாய், தந்தை, கணவர், மகன், மகள், சகோதரி, மற்றவர். அம்பு மேலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. அந்த மூலையில் தங்கையின் கைக்கு மவுஸை நகர்த்த இடம் போதவில்லை. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் முழங்கையைச் சுவரோடு ஒடுக்கிக்கொண்டாள்.