பெனால்டி கட்டத்தில் குதிரைகள்

தாஷ்-கெச்சூ மைதானத்துப் புல் தானாக முளைத்தது என்றுதான் எங்கள் ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தானாக முளைப்பது முள்ளும் தலைவர்களும்தான். புல்லை நான் வளர்த்தேன். பதினொரு வருஷம். கல் பொறுக்கி, மலையிலிருந்து இறங்கும் வாய்க்காலை மண்வெட்டியால் திருப்பி, பனி உருகியதும் விதை தூவி, காக்கைகளோடு சண்டை போட்டு வளர்த்தேன். என் பெயர் அனார்கான். ஆபீஸ் காகிதத்தில் என்னை 'காவலாளி' என்று போட்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம் நாட்டுக் கால்பந்துக் கோப்பையில் எங்கள் பையன்கள் காலிறுதிவரை வந்துவிட்டார்கள். இதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. ஏப்ரலில் எங்களைவிடப் பெரிய அணி ஒன்றோடு சமமாக முடித்து, பெனால்டியில் எங்கள் கோல்கீப்பர் உலுக்மிர்சா இரண்டைத் தடுத்தான். அவன் ரொட்டிக்கடையில் அடுப்படியில் நிற்பவன். முழங்கைவரை சூட்டுத் தழும்பு. கொதிக்கிற ரொட்டியைப் பிடிக்கிறவனுக்குப் பந்தெல்லாம் ஒரு சூடா என்று ஊரே கேலி பேசிச் சிரித்தது. அடுத்த சுற்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் பஸ்ஸில் தெற்கே போய் இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்து வந்தார்கள். பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். காலிறுதி எங்கள் ஊரில். எதிரி, தலைநகர் பிஷ்கெக்கின் அலா-பார்ஸ்.

ஆறு தடவை சாம்பியன் அவர்கள். ஆனால் கோப்பையில் ஒரே ஆட்டம்தான். இங்கே தோற்றால் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது. தோற்றவன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயிற்சியாளர் சப்பார், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார், மறுநாளே ஓடிவந்தான்.

"அக்கா, அவனுங்க செயற்கைப் புல்லுல வளந்தவனுங்க. பந்து சறுக்கிக்கிட்டு ஓடணும் அவனுங்களுக்கு. நீ புல்லை ஒரு விரக்கடை கூடுதலா விட்டுரு. தண்ணியையும் கொஞ்சம் தாராளமாக் காட்டு."

"இது கள்ளாட்டமில்லையாடா?"

"சொந்த ஊரு ஆட்டம்னா இதுதானேக்கா!"

பதினொரு பேரோடு பன்னிரண்டாவதாக என் புல்லும் ஆடப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் சரியாகச் சமைக்கவில்லை. என் புருஷன் இசாபெக் ரொட்டியையும் தயிரையும் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு லாரி ஓட்டப் போனான். நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். புதன்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. மாவட்டத் தலைவர் இறங்கினார். என் புருஷனுக்குப் பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை; எங்கள் வழக்கப்படி அவர் என்னை மருமகள் என்பார், நான் மாமா என்பேன். கூடவே வெள்ளைத் தொப்பி வைத்த மூன்று கிழவர்கள். டீ ஊற்றினேன், போர்சோக் மாவுத்துண்டு பொரித்து வைத்தேன், ஜாம் வைத்தேன். நாலு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

"பசங்க எப்படி இருக்காங்க மருமகளே?" என்றார் மூத்தார்.

"சிங்கம் மாதிரி இருக்காங்க மாமா."

"நாளைக்குப் பிஷ்கெக்ல இருந்து ஒரு பெரிய விருந்தாளி வர்றாரு. ஊரோட மானம் நம்ம கையிலதான் இருக்கு."

விருந்தாளி எவனாக இருந்தால் எனக்கென்ன என்று தலையாட்டினேன். அதற்குள் கிழவர்களில் மூத்தவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தூக்கிவிட்டார். சாப்பிட்ட பிறகு பெரியவர் ஆசி சொல்வார், நாம் கை விரித்துக் கேட்போம், கடைசியில் ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொள்வோம். நடக்கக் கற்ற நாளிலிருந்து கை தானாகப் போகும்.

"இந்த வீட்டுல அடுப்பு அணையாம இருக்கட்டும். பிள்ளைங்க ஜெயிக்கட்டும். வந்த விருந்தாளி மனசு குளிரட்டும். மைதானத்துல குதிரைங்க துள்ளட்டும், வாசல் தொறந்து கிடக்கட்டும், ஓமின்."

பிள்ளைங்க ஜெயிக்கட்டும் என்றதிலேயே என் மனது நின்றுவிட்டது. "ஓமின்" என்று முகத்தைத் தடவினேன். கை கீழே இறங்குவதற்குள் மூத்தார் தன் கையை நீட்டினார்.

"சாவியக் குடு மருமகளே."

"என்ன சாவி?"

"மைதானத்துச் சாவி. குதிரைத் திடலுக்குள்ள ஆத்துத் தண்ணி ஏறிடுச்சு. நாளைக்குக் கோக்-போரு உன் மைதானத்துலதான் வைக்கிறோம்."

தலை வெட்டிய ஆட்டைக் குதிரைமேல் இருந்தபடி இழுத்துப் பறித்து, வளையத்துக்குள் வீசுகிற ஆட்டம். இருபது குதிரை, ஒவ்வொன்றும் அரை டன். என் புல்லில்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு மாமா! முன்னோருங்க சாட்சியா—"

"பெரியவர் ஆசி சொல்லி, நீயும் ஓமின்னு சொல்லியாச்சு. அதைத் திருப்பி வாங்குவியா? இவங்க முகத்தைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மூன்று கிழவர்களும் ஜாம் ஒட்டிய தாடியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓமினைத் திருப்பி வாங்குவது பெற்றவர்களுக்குச் சாபம் கொடுப்பதற்குச் சமம் எங்கள் பக்கத்தில். நான் நிறைய விஷயத்துக்கு அடங்காதவள். அன்றைக்கு அடங்கினேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வியாழக்கிழமை முழுவதும் வாரி வழங்கினார் மூத்தார். டிராக்டர் டயரை அடுக்கி வளையம் கட்டினார்கள். எங்கே கட்டினார்கள் தெரியுமா? இரண்டு கோல் கம்பத்துக்கும் நேர் முன்னால். ஆட்டைப் போட வருகிற குதிரையெல்லாம் அங்கே வந்துதான் முட்டி நின்று குளம்பால் தோண்டியது. விருந்தாளி தானே ஒரு கறுப்புக் குதிரையில் ஏறி, வடக்குக் கோல் பக்கம் இரண்டு தடவை ஆட்டைப் போட்டார். தடுக்க வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று, எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வெள்ளி விடியற்காலை பையன்கள் மொத்தப் பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். மெக்கானிக், இரண்டு வாத்தியார், தபால்காரன், உலுக்மிர்சா. வேலிக்குப் பின்னாலிருந்த புல்லைப் பாய் பாயாக வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டோம். ஆற்றுமணல் கொட்டினோம், மிதித்தோம், உருளை இழுத்தோம். இரண்டு நாள். வடக்குக் கோலில் ஒரு குழி முழங்கால் ஆழம் இருந்தது. அதை மட்டும் நாலு தடவை நிரப்பினோம். மேலே புல் ஒட்டியதும் பார்வைக்கு மற்ற இடம் மாதிரியே இருந்தது.

உலுக்மிர்சா அதன்மேல் நின்று குதித்துப் பார்த்தான். "அக்கா, இது உள்ள வாங்குது."

"மண்ணு இறுக ஒரு மாசம் வேணும்டா. நமக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"பரவால்லக்கா. இடம் தெரியும்ல, தாண்டி நின்னுக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் சம்மேளனத்தின் போட்டிக் கண்காணிப்பாளர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். சுற்றி நடந்தார். "இங்க எதாவது நடந்துச்சா? அங்கங்க ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னால் ஆட்டத்தைப் பிஷ்கெக்குக்கு மாற்றிவிடுவார்கள். சப்பார் தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன், "பனியில கொஞ்சம் போச்சு சார், புதுசா நட்டுருக்கோம்." பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. கூரைமேல் ஆள், மரத்தின்மேல் ஆள். அலா-பார்ஸ் பையன்கள் பாஸ் போட்டால் பந்து பாதி வழியில் நின்றது. நீளப் புல்லில் தடுமாறினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். எண்பத்தாறு நிமிஷம் கோல் இல்லை. இருந்த கோபமெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது.

எண்பத்தேழாவது நிமிஷம் அவர்கள் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு சோப்ளாங்கி உதை உதைத்தான். உருண்டு வந்தது. உலுக்மிர்சா கண்ணை மூடிக்கொண்டே பிடித்திருப்பான். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, பாய்வதற்காக இடது காலை ஊன்றினான். கால் கணுக்கால்வரை மண்ணுக்குள் போனது. அப்படியே முட்டி போட்டுச் சரிந்தான். பந்து அவன் விரலிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது.

கூட்டத்துக்குக் குழி எங்கே தெரியும்? ஒரு கோல்கீப்பர் உருண்டுவந்த பந்துக்கு முட்டி போட்டதுதான் தெரிந்தது. "வித்துட்டான்!" என்று ஒரு குரல் கிளம்பியது. பிறகு நூறு குரல். ஆட்டம் முடிந்து அவன் உள்ளே போகும்போது அவன் வேலை செய்கிற கடையின் ரொட்டியையே அவன்மேல் எறிந்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவோம்.

உடை மாற்றும் அறைக்குப் பக்கத்து அறையில் கண்காணிப்பாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். அலா-பார்ஸ் ஆள் ஒருவனுக்கும் கால் பிசகியிருந்தது, புகார் கொடுத்திருந்தார்கள். சப்பார், நான், மூத்தார், அந்த மூன்று கிழவர்கள் எல்லாரும் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கலையவில்லை. "ரொட்டிக்காரா, எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"கோலுக்கு முன்னால குளம்படி இருக்கு," என்றார் கண்காணிப்பாளர். "நேத்து என்கிட்ட பனின்னு சொன்னீங்க. மைதானத்தை ஒரு வருஷம் மூட வேண்டியிருக்கும். குதிரையை உள்ள விட அனுமதி குடுத்தது யாரு? எனக்கு ஒரு பேரு வேணும்."

"குதிரை அத்துக்கிட்டு வந்திருக்கும்," என்றார் மூத்தார், கூமிஸ், அதாவது புளித்த குதிரைப்பால் இருந்த கிண்ணத்தை உருட்டிக்கொண்டே. "அது கிடக்கட்டும் சார். தோத்ததுக்குக் காரணம் மண்ணா? அந்தப் பயல் சரியில்ல. ஊரே சொல்லுது பாருங்க."

பக்கத்து அறையில் அந்தப் பயல் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சுவர் மெலிசு. எல்லாருக்கும் கேட்டது.

நான் கண்காணிப்பாளரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எழுதிக்குங்க சார்," என்றேன். "சாவி குடுத்தது அனார்கான். நான்தான். நேத்துப் பொய் சொன்னதும் நான்தான்."

"அனுமதி?"

எங்கள் வழக்கத்தில் புருஷனுக்கு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஓநாய் என்று பெயர் வைத்தவர் வீட்டில் ஓநாயைக்கூட 'ஊளையிடுறது' என்பாள். இருபத்தெட்டு வருஷமாக நான் அந்த மனுஷனை மாமா, மூத்தவர், ஜீப்காரர் என்று சுற்றிவளைத்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கிண்ணத்தை அவ்வளவு நிம்மதியாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஓஸ்கோன்பாய்," என்றேன்.

கிண்ணம் நின்றது. கிழவர்களில் ஒருவர், "அடி பாவி, மருமகளாடி நீ!" என்றார்.

"முழுப் பேரு?" என்றார் கண்காணிப்பாளர், பேனாவை எடுத்து.

"ஓஸ்கோன்பாய் கெரிம்குலோவ்!" ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னேன். "கோல் கம்பத்துக்கு முன்னால டயர் கட்டச் சொன்ன ஓஸ்கோன்பாய்! குழி முழங்கால் ஆழம்! அந்தப் பையன் அதுல விழுந்தான், விக்கல!"

வெளியே சத்தம் மெதுவாக அடங்கியது. உள்ளே தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

மூத்தார் எழுந்தார். முகம் உப்புக்கண்டம் மாதிரி கறுத்திருந்தது. "இசாபெக்குக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? உன் மாமனார் குடும்பத்துப் பேரை நடுத்தெருவுல..."

கண்காணிப்பாளர் தலையைத் தூக்கவே இல்லை. "அப்பா பேரும் வேணும். படிவத்துல இருக்கு."

மூத்தாருடைய அப்பா என் மாமனாருக்கு அண்ணன். அந்தப் பெயரை ஊரில் எந்த மருமகளும் இதுவரை சொன்னதில்லை. நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, அதையும் சொன்னேன்.