நிறம் மங்காத தகடு

வந்த அன்றே அவளுக்குச் "சுவர்க்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் தீப்பிடித்தால் எப்படிப் பரவும் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. வேறோர் ஊரில் ஒரு கட்டடம் வெளிச்சுவர் வழியாகவே அடியிலிருந்து உச்சிவரை எரிந்துபோனபின், எல்லாக் கட்டடங்களையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அறிக்கை மோசமாக வந்தால் வீட்டை விற்க முடியாது. அதனால் அவளைக் கண்டாலே அங்கே எல்லோருக்கும் ஆகவில்லை. அவள் வண்டிக் கண்ணாடியில் யாரோ காறித் துப்பியிருந்தார்கள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவளை வாசலிலேயே மறித்தார்.

"சுவரைத்தானே பாக்கணும்? இதோ நிக்குது. பாத்துட்டுக் கிளம்புங்க."

"வெளியில பாத்தா போதாது சார். சுவத்து மேல போர்த்தியிருக்கிற தகட்டைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"வயித்துவலின்னு வந்தவன் வயித்தையே கிழிப்பீங்க போல."

"தேவைப்பட்டா கிழிப்பாங்க சார். அதுக்குப் பேரு ஆபரேஷன்."

அவர் பல்லைக் கடித்தார். வாசல் தூணை ஒட்டிய தகட்டை மட்டும் கழற்ற அனுமதித்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது: எரியாத பாறைப் பஞ்சு, தீயை மறிக்கும் இரும்புப் பட்டை. செயலாளர் சிரித்தார்.

"முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டிருக்காங்க மேடம்," என்று அவளுடன் வந்த ஃபிட்டர் முணுமுணுத்தார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. தெருவைத் தாண்டிப் போய் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயில் பட்டு எல்லாத் தகடுகளும் சாம்பல் பூத்திருந்தன. மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை சில தகடுகள் மட்டும் நிறம் மங்காமல் இருந்தன.

"அது எப்ப மாத்தினது?" என்று பின்னாலேயே வந்த செயலாளரிடம் கேட்டாள்.

"மழைத்தண்ணி ஒழுகுச்சு, மாத்தினோம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அங்கல்லாம் கை வைக்க முடியாது. நாலாவது மாடியில நர்ஸம்மா இருக்காங்க. ராத்திரி டியூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குறவங்க. மாமியார் வேற படுத்த படுக்கை."

"நாளைக்குக் காலையில அதைத்தான் கழட்டப் போறேன். தடுத்தா உத்தரவைக் கொடுத்தவங்ககிட்டப் பேசிக்குங்க."

மறுநாள் கிரேன் கூடையில் அவளும் ஃபிட்டரும் மேலே போனார்கள். முதல் திருகில் மெஷினை வைத்ததுமே பக்கத்து ஜன்னல் படாரென்று திறந்தது. தலைமுடி கலைந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"மனுஷி தூங்க வேணாமா? எங்க வீட்டுச் சுவத்துல உனக்கு என்னடி வேலை?"

"வேலையத்தான் பாத்துட்டிருக்கேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க."

"எங்க வயித்துல அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

உள்ளே போனவள் ஒரு வாளித் தண்ணீருடன் வந்து கூடைமேல் கவிழ்த்தாள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். கீழே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சுவர்க்காரிக்கும் கோபம் தலைக்கேறியது. "இன்னும் பத்து வாளி ஊத்துங்க. இதைக் கழட்டாம இறங்க மாட்டேன்!"

உள்ளிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "யாருடி சுவத்தக் குடையறது? திருடனா இருந்தா வாசல் வழியா வரச் சொல்லு. இங்க எடுத்துட்டுப் போக என்ன இருக்கு!"

தகடு கழன்று வந்தது. நர்ஸும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள்.

சுவருக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்த சந்து, அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி கரியேறிக் கிடந்தது. பஞ்சுக்குப் பதிலாக அடைத்திருந்த ஃபோம் உருகி, எலி கடித்ததுபோல் கருகித் தொங்கியது. தடுப்புப் பட்டை மருந்துக்கும் இல்லை. கரி ஜன்னல் ஓரமாகவே மேலேறி, ஐந்தாம் மாடியில் துருத்தி நின்ற கான்கிரீட் விளிம்பில் முட்டி நின்றிருந்தது.

"என்ன இது?" என்றாள் நர்ஸ்.

"இங்க ஏற்கெனவே தீப்பிடிச்சிருக்கு. உங்க சுவருக்குப் பின்னாடியேதான் மேல ஏறியிருக்கு. அந்த விளிம்பு இல்லன்னா உச்சி வரைக்கும் போயிருக்கும்."

நர்ஸ் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நினைவு வந்தது: போன கோடையில் ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. செயலாளருக்கு ஃபோன் செய்தாள். பின்பக்கக் காலி மனையில் டயர் எரிக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார் அவர். அவள் ஜன்னலைச் சாத்தி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

இப்போது நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். கூடை தரையிறங்குவதற்குள் செயலாளரின் முன்னால் நின்றாள்.

"மூணாவது மாடி உங்க தம்பி வீடுதானே? அங்க என்ன எரிஞ்சது?"

"அது ஒண்ணுமில்லம்மா…"

பக்கத்தில் நின்ற தம்பிக்கு வேர்த்துவிட்டது. "ஏசி மெஷின்ல பொறி பறந்துச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணே! நீதானே வீடு விலைபோகாது, வாய மூடுன்னே!"

"அணைஞ்சு போச்சுல்ல?" செயலாளர் கத்தினார். "யாருக்காவது ஒரு மயிராவது கருகுச்சா?"

"எங்க அத்தைய உள்ள வச்சு ஜன்னலச் சாத்தச் சொன்னீங்களேய்யா, பாவி!"

கூட்டம் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. "மெதுவாப் பேசும்மா, ரோட்டுல போறவன் காதுல விழப் போகுது," என்றார் ஒருவர். இன்னொருவர் சுவர்க்காரியிடம் திரும்பினார். "மேடம், அந்த ஒரு இடத்த மட்டும் அறிக்கையில விட்டுடுங்க. நாங்களே பூசி மெழுகிக்கிறோம்."

"இவ்வளவு நாள் மெழுகினது போதும்," என்றாள் அவள், ஈரச் சட்டையைப் பிழிந்தபடி. "மொத்தத் தகடும் இறங்கணும். அதுவரைக்கும் எங்கயாவது தீப்பிடிக்குதான்னு ராப்பகலா முறை வச்சு காவல் இருங்க."

ஆளாளுக்கு வைதார்கள். "நீ நல்லா இருப்பியா" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். செயலாளர் மட்டும் சட்டென்று குழைந்தார். "எதுக்கு இப்படிப் பயமுறுத்துறீங்க? ஒரு ஆபத்தும் இல்ல. இத்தனை நாள் இருந்தோமே, இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டோமா?"

நர்ஸ் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "ஆபத்து இல்லையா? சரி. தகடு இறங்குற வரைக்கும் எங்க அத்தை தரைத் தளத்துல, உங்க வீட்டு ரூம்ல படுத்திருப்பாங்க. நீங்க எங்க வீட்டுக்குப் போங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஆபத்து இல்லை என்று அவரே சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவருக்காகவும் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் மாமியாரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள்.

தகடுகளை இறக்கும் வேலை தொடங்கியதும் சுவர்க்காரி மேற்பார்வைக்கு வந்தாள். தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தான். நான்காம் மாடி ஜன்னலில் செயலாளர் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. ஃபிட்டர் இரும்பை அறுத்த வாடை மேலே போனதும் அவர் திடுக்கிட்டுச் சுவரோரம் மூக்கை வைத்து முகர்ந்தார்.

கீழ் வீட்டில் மாமியார் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இங்க நல்லாக் காத்து வருதுடி. அந்த ஆளை அங்கயே இருக்கச் சொல்லிடு."

அந்த வீட்டு வாசலில் நர்ஸ் எதிர்ப்பட்டாள். அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சுவர்க்காரி கேட்டாள்.

"தூசி பறக்குது, அவங்களுக்கு இருமல் வருது," என்றாள் நர்ஸ். "சீக்கிரம் முடிச்சுட்டு இடத்தக் காலி பண்ணுங்க."

கதவு சுவர்க்காரியின் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தப்பட்டது.