சாமைக் கொல்லை நெருப்பு

வாணியம்பாடித் தோல் மண்டியில் வேலை பார்த்த முக்தார் அகமதுக்கு வானத்துப் பைத்தியம். தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர். ஆண்ட்ரோமெடா என்ற சுருள் விண்மீன் கூட்டத்தை எப்படியாவது படம் பிடித்துவிட வேண்டும் என்று, ஆள் வைத்துத் தொலைநோக்கியைச் சவ்வாது மலைக்கே தூக்கிவந்துவிட்டார். இரண்டு தடவை படம் கெட்டுப்போய், கையில் மிச்சமிருந்தது படம் பதிக்கும் ஒரே ஒரு கண்ணாடித் தகடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அடுத்த வருஷம்தான்.

அந்தப் புரட்டாசி அமாவாசையில் எல்லாம் கூடிவந்தது, பக்கத்துச் சாமைக் கொல்லையில் எரிந்த நெருப்பைத் தவிர. குளிர்காய மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். படித்த மனுஷருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"மாதையா, ரெண்டு மணி நேரம் அந்த நெருப்ப அணைச்சிட முடியுமா? வெளிச்சம் பட்டா படம் கெட்டுடும்."

கொல்லைக்காரர் மாதையன் கொஞ்சம் யோசித்தார். "சரிங்க பாய்" என்று மண்ணை அள்ளிப் போட்டார்.

முக்தார் ஒரு நட்சத்திரத்தைத் தொலைநோக்கியின் குறுக்குக்கம்பியில் நிறுத்தி, அது நகர நகரத் திருகாணியை நூலளவாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் போச்சு. சற்று நேரத்தில் கொல்லையில் தகர டின் சத்தம். கூடவே மாதையன் மனைவி மங்கம்மாளின் கூச்சல். இதென்ன கூத்து என்று எரிச்சல்தான் வந்தது அவருக்கு. கூச்சல் ஓயவில்லை; தொண்டைதான் கம்மிக்கொண்டே போனது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"பன்னிங்க பாதிக் கொல்லைய மேஞ்சிடுச்சி. நெருப்ப வைய்யி." மங்கம்மாளின் குரல் வெறும் காற்றாக வந்தது.

"இரு மங்கா. பாய் வேல முடியட்டும்."

நெருப்பு எதற்கென்று முக்தாருக்கு அப்போதுதான் புரிந்தது. நடுப்பகுதி இந்நேரம் பதிந்திருக்கும். அவர் ஆசைப்பட்ட சுருள் கைகளுக்குத்தான் இன்னொரு மணி நேரம் வேண்டும். வெட்கக்கேடு, அதற்குப் பிறகும் இரண்டு முறை திருகாணியைத் திருப்பினார். பிறகு தகட்டை மூடினார்.

"மாதையா, நெருப்ப வைய்யி!" என்று கத்திக்கொண்டே டார்ச்சோடு கொல்லைக்குள் ஓடினார். விடியும்வரை மூன்று பேருமாகப் பன்றி விரட்டினார்கள்.

பத்து நாள் கழித்துப் படத்தோடு மலையேறி வந்தார். நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு, ஓரத்தில் புகைபோல ஏதோ. மங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

"எங்களாலதான் பாதியில நிறுத்திட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தா நல்லா வந்திருக்கும், இல்லீங்களா பாய்?"

வானத்தைப் பற்றி அதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை அவர்.

"இல்லம்மா," என்றார். "அது இருக்கறதே அவ்ளோதான்."