கை போதும்

காலர் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அந்தச் சட்டைக் கம்பெனியில் பதினான்கு வருடம் அவள் தைத்தது காலர் மட்டும்தான். அதற்குக் கம்பெனி கொடுத்த பரிசு இடது ஆள்காட்டி விரலில் இருந்தது. ஆறாம் வருடம் அதில் ஊசி இறங்கியது. அன்றிலிருந்து நகம் நடுவில் பிளந்தே வளர்கிறது.

கழிப்பறைக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தபோது, அவளுடைய தையல் லைனில் அவளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த மாதமே ஆர்டர் இல்லை என்று கம்பெனி கையை விரித்து அந்த லைனை மூடியது. மறுபடி திறந்தால் பழைய ஆட்களுக்குத்தான் முதலிடம் என்று எழுதியும் கொடுத்தது. ஐந்தாம் மாதம் லைன் திறந்தது. உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் புதுமுகங்கள். அந்த ஆர்டருக்குச் சங்கம் என்றால் அலர்ஜி போலிருக்கிறது.

வழக்குப் போட்டதும் கம்பெனிக்கு ஞாபகம் திரும்பியது. பழைய ஆட்களைக் கூப்பிட்டுத் திறமைத் தேர்வு வைத்தது. இருபத்திரண்டு பேரும் ஃபெயில். பிறகு மனமிரங்கி, புதிதாகச் சேருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு என்றது. போட்டால் பழைய சர்வீஸ் போச்சு, சங்கமும் போச்சு. இருபத்தோரு பேர் வீட்டு நிலவரத்தைப் பார்த்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லக் காலர் அக்காவுக்கு மனம் வரவில்லை. எல்லாரும் போட்ட பிறகு உனக்கு மட்டும் என்ன வந்தது என்று அவள் புருஷன் தினமும் நச்சரித்தான்.

"பதினாலு வருஷம் தைச்சவ, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. கம்பெனி சார்பில் வந்தவர் மனிதவள மேலாளர். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தையல் கூடத்துக்குள் இன்னும் காலடி வைத்ததில்லை. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாதாம். ஆனால் தையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

இந்த அம்மாவுக்குக் காலர் முனையை வெளியே எடுக்கும் முறையே தெரியவில்லை என்று அவர் தேர்வுத் தாளை நீட்டினார். அப்படியானால் சரியான முறை எது என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மேலாளர் மடிக்கணினியைத் திறந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்பெனி போட்டுக் காட்டும் பயிற்சி வீடியோ அது. இதுதான் எங்கள் தரம் என்றார் பெருமையாக.

திரையில் இரண்டு கைகள் மட்டும். முனைத் தையலுக்குள் ஒரு துண்டு நூலை வைத்துத் தைத்து, துணியைப் புரட்டி, நூலை லேசாகச் சுண்டின. முனை கூர்மையாக வெளியே வந்தது.

காலர் அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு சூப்பர்வைசர் போனில் எடுத்த படம். வீடியோ என்றதும் அவள் தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகம் வேண்டாம், கை போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அவள் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் இடது கையை வைத்தாள். அதிகாரி பிளந்த நகத்தைப் பார்த்தார். திரையில் இருந்த நகத்தைப் பார்த்தார். கடைசியாக மேலாளரைப் பார்த்தார். தூசியே இல்லாத அந்த அறையில் மேலாளருக்கு இருமல் வந்தது.

"கை பழசுதானே சார். ஆள் மட்டும் எப்படிப் புதுசாகும்?" என்றாள்.

அந்தத் தேர்வே பித்தலாட்டம் என்று அதிகாரி எழுதினார். இருபத்தோரு கையெழுத்தும் செல்லாது. எல்லாருக்கும் பழைய சர்வீஸோடு வேலை.

திங்கட்கிழமை கம்பெனி வாசலிலேயே அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். காலர் அக்கா இடது விரலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள். முகம் மட்டும் போதும், கையை இறக்குங்கள் என்றார் படம் எடுப்பவர்.

அவள் இறக்கவில்லை.

"முகம் இவங்களுக்குத் தெரியாதுங்க. இதையும் சேர்த்தே எடுங்க."