அடியில் ஓடும் குழாய்

சொல்லிவிடலாம். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, அதைப் பண்ணினது நான்" என்று நாலே வார்த்தை. ஆனால் அவள் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் ஷெட்டில் குனிந்து, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பழைய காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் அவளைவிட மூத்தது. வயதை மறைக்காதது அதுமட்டும்தான்.

"எப்படிடா தம்பி இந்த பிரேக் குழாயெல்லாம் இவ்வளவு அழகா வளைச்சே?"

தம்பி, அதாவது அவள் கணவர், சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இவன் சைக்கிள் செயின் கழண்டாலே அழுதுட்டு நிப்பான்மா. இப்பப் பாரு." நாத்தனார் தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். "நீ டார்ச்சாவது புடிச்சியா, இல்ல டிவி முன்னாடியே இருந்துட்டியா?"

டார்ச் பிடித்தது கணவர்தான். அதிலும் பாதி நேரம் வெளிச்சம் கூரையில் இருந்தது.

பிரேக்கை அழுத்தினால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. அதுதான் அந்தக் காரின் வியாதியாக இருந்தது. சக்கரத்தை மாற்ற வேண்டும் என்றார் கணவர். அவளுக்கு நம்பிக்கையில்லை. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி பிளேடால் அறுத்துப் பார்த்தாள். வெளியே பளபளப்பு, உள்ளே ஊசி நுழைய இடமில்லாத வீக்கம். காலின் வேகத்தில் உள்ளே போன எண்ணெய்க்குத் திரும்பி வர வழியில்லை. இரும்புக் குழாய்களோ விரலால் சுரண்டினாலே உதிர்ந்தன. எல்லாவற்றையும் மாற்றுவதென்று அன்றே முடிவு செய்தாள்.

புதுக் குழாயின் நுனியை விரித்து மடிக்கும் வேலை லேசில் வசப்படவில்லை. முதல்முறை கச்சிதமாக வந்தபோது பூரித்துப்போனாள். பிறகுதான் பார்த்தாள், முதலில் கோத்திருக்க வேண்டிய நட்டு மேஜைமேல் கிடந்தது. விரிந்த நுனிமேல் இனி அது ஏறாது. தன்னையே திட்டிக்கொண்டு நுனியை வெட்டி எறிந்தாள். அடுத்த குழாயிலும் அதே கூத்து.

பெயின்ட் டப்பாவைச் சுற்றி ஒவ்வொரு வளைவாக வளைத்து மாட்டி முடித்ததும், காரடியில் மல்லாந்தபடியே வெகுநேரம் கிடந்தாள். இத்தனை காலம் எதையும் என்னுடையது என்று சொல்லிப் பழகாதவள் அவள். அலுவலகத்தில் அவள் எழுதியதில் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார், வலித்ததே இல்லை. இந்தக் குழாய்களைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

குழாய்களுக்குள் இருந்த காற்றை வெளியேற்றும்போது கணவர்தான் பெடலில் கால் வைத்தார். "அமுக்குங்க. அப்படியே இருங்க. இப்ப விடுங்க." கடைசிக் குமிழியும் போனபின் பெடல் கல்லாக நின்றது. "நீ பெரிய ஆளுதான்டி" என்று அவர் சொன்னது மனதாரத்தான்.

"எங்க வண்டிக்கும் போட்டுக் குடுத்துடுடா" என்று சொல்லிவிட்டு நாத்தனார் காரடியிலிருந்து நிமிர்ந்து கை கழுவ வாசல் குழாயடிக்குப் போனாள்.

கணவர் கிட்டே வந்து கிசுகிசுத்தார். "காப்பாத்தும்மா. அவ வண்டிக்கும் நீயே போட்டுடு. அவ வர்றப்ப மட்டும் நான் அடியில படுத்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"மாட்டேங்க" என்றாள்.

"கோவமா?"

"இல்ல." நிஜமாகவே இல்லை. "அண்ணி கேட்டா சந்தோஷமாப் பண்ணிக் குடுப்பேன். நீங்க பண்ணினதா இருக்கணும்னா, மாட்டேன்."

"ஒரு தடவைதானே? அவகிட்ட இப்பப் போய் நான் என்னன்னு சொல்றது?"

"அது உங்க இஷ்டம். நானா எதுவும் சொல்ல மாட்டேன்."

வாசலிலிருந்து குரல் வந்தது. "என்னடா, சனிக்கிழமை கொண்டு வரட்டா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாலேயே இன்னொருமுறை கேட்டார். அவள் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இல்லை என்று மெல்லத் தலையசைத்தாள்.